கொந்தளிக்கும் பயணியும் பதறாத நடத்துநரும்: போக்குவரத்துக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் மேலாண்மை இயக்குநர்களுக்கும், பணிமனைகளின் கிளை மேலாளர்களுக்கும், நாள்தோறும் எங்களை ஏற்றி இறக்கும் ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும்,

வணக்கம்.

ஆட்டிசம் உள்ள இளைஞன் ஒருவனின் தந்தை என்ற முறையில் இதை எழுதுகிறேன். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று 2021ஆம் ஆண்டில் அரசு அறிவித்த பிறகு, ஆட்டோவுக்குக் கொடுக்க வழியில்லாமல் வீட்டோடு முடங்கியிருந்த எங்களைப் போன்றவர்கள் சிறப்புப் பள்ளிக்கும் சிகிச்சை மையத்துக்கும் கடற்கரைக்கும் தயங்காமல் கிளம்ப முடிந்தது. அதற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் பயணச்சீட்டு இலவசமானதோடு பயணம் எளிதாகிவிடவில்லை. ஓடும் பேருந்தில் ஆட்டிசம் உள்ள ஒருவர் நிலைகுலைந்து கத்தவோ, சன்னல் கம்பியில் தலையை மோதிக்கொள்ளவோ, தரையில் விழுந்து புரளவோ தொடங்கினால், வண்டியில் பொறுப்பில் இருக்கும் இருவர் எப்படிப் பதறாமல் இருப்பது, அவர்கள் பதறாமல் இருப்பதற்குக் கழகம் என்ன செய்து தர வேண்டும் என்பதே இந்த மடலின் பொருள்.

பெற்றோரும் சிறப்பாசிரியர்களும் இந்த நிலையை மெல்ட்டவுன் என்பார்கள். இங்கே கொந்தளிப்பு என்றே எழுதுகிறேன். பார்ப்பவர்களுக்கு இது பிடிவாதம் போலத் தோன்றும். பொம்மை கேட்டு அழும் குழந்தை நடுநடுவே அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொள்ளும். கேட்டது கிடைத்தால் அழுகை நிற்கும். கொந்தளிப்பில் இருப்பவர் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. அவர் எதையும் கேட்டு அழவில்லை என்பதால் எதைக் கொடுத்தும் நிறுத்த முடியாது. ஆளே இல்லாத அறையிலும் அவருக்கு இது நேரும். ஓசையும் வெளிச்சமும் நெரிசலும் எதிர்பாராத மாற்றமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து நரம்பு மண்டலம் தாங்கும் அளவைக் கடக்கும்போது, உயிராபத்தில் சிக்கிய உடல் என்ன செய்யுமோ அதையே அவருடைய உடலும் செய்கிறது: அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, எதிர்த்து நில் அல்லது தப்பி ஓடு என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றுவதில்லை, சொற்களைக் கேட்டுப் பொருள் கொள்ளும் ஆற்றல் அந்த நேரத்துக்குப் பெரிதும் குறைந்துபோகிறது. புலன்களில் படுவதற்கு அளவு மீறியோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலேயே 2013 முதல் இருக்கிறது. வளர்ப்பு சரியில்லை என்று பின் இருக்கையிலிருந்து தீர்ப்புச் சொல்பவர்களுக்காக இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

நம் பேருந்தை அப்படிப்பட்ட காதுகளோடும் தோலோடும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். நடத்துநரின் விசில், காற்றழுத்தக் கதவு திறந்து மூடும் சீறல், தளர்ந்துபோன சன்னல் கண்ணாடியின் ஓயாத நடுக்கம், நான்கு கைப்பேசிகளில் நான்கு பாட்டு, மொஃபசில் வண்டியாக இருந்தால் தலைக்கு மேல் ஓடும் சண்டைப் படம், டீசலும் வியர்வையும் மல்லிகையும் கலந்த காற்று, திடீர் பிரேக்கில் மேலே வந்து விழும் அறிமுகமில்லாத உடல்கள். இவற்றை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவரும் ஒருவருக்கு, வழக்கமாக நிற்கும் நிறுத்தத்தில் வண்டி நிற்காமல் போவதோ, மெட்ரோ வேலைக்காகப் பாதை மாறுவதோ, எப்போதும் உட்காரும் சன்னலோர இருக்கையில் வேறொருவர் இருப்பதோ கடைசிச் சுமையாகிவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் அந்தக் கடைசிச் சுமையை மட்டுமே பார்ப்பதால், இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை கூச்சல் என்று வியக்கிறார்கள். ஓசையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: செவியைத் துளைக்கும் ஒலிப்பான்களுக்கு 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஏற்கெனவே தடை இருக்கிறது. அந்தத் தடையை ஒழுங்காகப் பின்பற்றினாலே எங்கள் பயணங்களில் பாதிச் சங்கடம் குறையும்.

கொந்தளிப்பு முன்னறிவிப்பு இல்லாமல் வருவது அரிது. முன்னும் பின்னும் ஆடுவது வேகமாகும்; கைகள் காதைப் பொத்தும்; ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும், அது பழைய விளம்பரத்தில் கேட்டதாகக்கூட இருக்கலாம்; கையைக் கடிப்பது, மூச்சு வாங்குவது, எழுந்து எழுந்து உட்காருவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. உடன் வரும் தாய்க்கோ அண்ணனுக்கோ அது நன்றாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் அவர்கள் நடத்துநரிடம் வந்து, அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள், முன் இருக்கையில் ஒதுங்கிக்கொள்ள இடம் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டால், அதைச் செய்துகொடுப்பதுதான் நடக்கவிருக்கும் எல்லாவற்றிலும் மலிவான உதவி. அந்த நேரத்தில் அட்டையைக் காட்டு, சான்றிதழைக் காட்டு என்று நிற்பது நிலைமையைக் கெடுக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது எங்கும் ஓடிவிடாது.

கொந்தளிப்பு வெடித்த பிறகு பேருந்துக்குள் நடப்பதை நீங்கள் எங்களைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக் கொத்தைக் கையில் திணிப்பார். ஒருவர் திருநீற்றை எடுத்து நெற்றியில் பூச வருவார். குடித்திருக்கிறானா என்று ஒருவர் கேட்பார். இரண்டு வைத்தால் சரியாகிவிடும் என்று இன்னொருவர் சொல்வார். ஐந்தாறு கைப்பேசிகள் உயர்ந்து படம் பிடிக்கும். பெரும்பாலும் இவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்லர். என்ன செய்வதென்று தெரியாதபோது ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் கூடும் ஒவ்வொரு ஆளும், எழும் ஒவ்வொரு குரலும், நீளும் ஒவ்வொரு கையும், ஏற்கெனவே நிரம்பி வழியும் ஒருவர்மேல் மேலும் ஊற்றப்படுகின்றன.

நிலைகுலைந்தவர் வளர்ந்த ஆளாக இருந்தால் இது இன்னும் கடுமையாகிறது. ஆட்டிசம் என்றவுடன் நம் மனத்தில் வருவது ஏதோ ஒரு விழிப்புணர்வுச் சுவரொட்டியில் பார்த்த ஐந்து வயதுக் குழந்தையின் படம். லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதலாவதாக இடம்பெற்ற சிறுவன் 2023ஆம் ஆண்டில் தம் 89ஆம் வயதில்தான் காலமானார். எங்கள் பிள்ளைகளும் அப்படியே மீசை முளைத்து, தோள் அகன்று, நடுவயதைக் கடந்து முதுமைக்குப் போவார்கள். அழும் குழந்தையைக் கண்டால் இரங்கும் அதே பேருந்து, ஆறடி உயர இளைஞன் அழுது கத்தினால் அவனை மிரட்டலாகப் பார்க்கிறது; ஒரு கூட்டம் அவனை அடக்க எழுகிறது.

பொறுப்பில் இருப்பவர்களின் பதற்றம் என்ன செய்யும் என்பதற்கு அரசு ஆவணத்திலேயே சான்று உண்டு. 2022 மே 7 அன்று ராஞ்சி விமான நிலையத்தில் பதற்றத்தில் இருந்த மாற்றுத்திறன் சிறுவன் ஒருவனை, மற்றப் பயணிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, இண்டிகோ நிறுவனப் பணியாளர்கள் விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். பெற்றோரும் அவனோடு நின்றுவிட்டார்கள். விசாரித்த சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அதே மாதத்தில் நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பணியாளர்கள் கையாண்ட விதமே நிலைமையை மோசமாக்கியது என்றும், பரிவோடு நடந்திருந்தால் சிறுவன் அமைதி அடைந்திருப்பான், ஏற்ற மறுக்கும் அளவுக்குப் போயிருக்க வேண்டியதே இல்லை என்றும் அது கண்டறிந்தது. ஒரு பயணி பயணம் செய்யத் தகுதியானவரா என்ற ஐயம் எழுந்தால் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அதன்பின் விதியும் திருத்தப்பட்டது. விமானத்துக்கு வந்த இந்த அக்கறை நகரப் பேருந்துக்கு ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் தேடத் தேவையில்லை. விமானத்தில் போகிறவர்களின் குரல் தில்லி வரை கேட்கும்.

இனி, அமைதி காப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் ஆண்ட்ரூ மெக்டொனல் 1990கள் முதல் வகுத்துவரும் அணுகுமுறை ஒன்று இதற்கு உதவும். அடக்குவதை விடு, தூண்டுதலைக் குறை, கோரிக்கைகளைக் குறை, முதலில் உன்னைக் கவனி என்பது அதன் சாரம். முதலில் உன்னைக் கவனி என்பது அறவுரையாகத் தோன்றலாம், ஆனால் அது முழுக்க முழுக்க உடலைப் பற்றியது. பதறும்போது நம் தோள்கள் உயர்கின்றன, விரல்கள் மடங்குகின்றன, குரல் ஏறுகிறது, கால்கள் தாமாக எதிராளியை நோக்கி நகர்கின்றன. கொந்தளிப்பில் இருப்பவருக்கு நம் சொற்கள் புரியாவிட்டாலும் இந்த உடல்மொழி முழுவதும் போய்ச் சேர்கிறது. ஆகவே நடத்துநர் செய்ய வேண்டிய முதல் வேலை மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டி இரண்டு மூன்று முறை மூச்சு விடுவது, தோளைத் தாழ்த்துவது, விசிலைச் சட்டைப்பைக்குள் போடுவது, நேர் எதிரே நிற்காமல், கை நீட்டினால் எட்டாத தொலைவில் பக்கவாட்டில் நிற்பது, முடிந்தால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிடுவது. உட்கார்ந்திருக்கும் ஆளைக் கண்டு யாரும் மிரள்வதில்லை. கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம். இவர் என்னை அவமதிக்கவில்லை, இவருக்குத் தாங்கவில்லை என்று மனத்துக்குள் ஒரு முறை சொல்லிக்கொள்வது, கோபம் தலைக்கேறும் நேரத்தில் கைகொடுக்கும் என்று சிறப்பாசிரியர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் வீட்டு அனுபவமும் அதுவே.

பேச வேண்டியது ஒரே ஒருவர்தான், அவரும் துணைக்கு வந்தவராக இருப்பதே நல்லது. நடத்துநர் துணையாளரிடம் தாழ்ந்த குரலில், என்ன செய்யட்டும் சொல்லுங்க, என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். உன் பெயர் என்ன, ஏன் அழுகிறாய், எங்கே வலிக்கிறது என்று நிலைகுலைந்தவரிடமே கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், பதில் தேட முடியாத மூளைக்கு மேலும் ஒரு பாரம். தனியாகப் பயணம் செய்யும் ஆட்டிசம் உள்ளவர்களும் உண்டு. அவர்களிடம் ஒன்றிரண்டு சொற்களில், பயமில்லை, நான் இங்கேதான் இருக்கிறேன், என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுத்து எதையாவது சொல்லும் முன் காத்திருக்க வேண்டும், அந்த மௌனம் நமக்கு எவ்வளவு நீளமாகத் தோன்றினாலும். மற்றப் பயணிகளைக் கவனிப்பதே இந்த நேரத்தில் நடத்துநரின் உண்மையான வேலை. பின்னால் நகருங்க, கைப்பேசியை உள்ளே வையுங்க, பாட்டை நிறுத்துங்க என்று கூட்டத்தை ஒதுக்கவும் படம் பிடிப்பதைத் தடுக்கவும் ஒரு பேருந்தில் அவருக்கு மட்டுமே அதிகாரம் இருக்கிறது. பெற்றோர் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

ஓட்டுநர் செய்யக்கூடியது குறைவு, ஆனால் பெரியது: ஒலிப்பானைத் தொடாமல், பிரேக்கை அதிராமல் மிதித்து, பாலத்தின் நடுவிலோ நெடுஞ்சாலையின் ஓரத்திலோ நிறுத்தாமல், அடுத்த பாதுகாப்பான இடம் வரை வண்டியைச் சீராகக் கொண்டுபோவது. துணையாளர் கேட்கும் வரை கதவைத் திறக்காமல் இருப்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இறங்குங்கம்மா, அடுத்த வண்டியில வாங்க, என்பதே இப்படிப்பட்ட நேரங்களில் எங்கள் காதில் விழும் முதல் வாக்கியம். மற்றவர்களுக்குத் தொந்தரவு என்ற எண்ணத்தில் சொல்லப்படும் அந்த வாக்கியமே எல்லாவற்றிலும் ஆபத்தானது. தப்பி ஓடத் துடிக்கும் உடலை, முன்பின் தெரியாத இடத்தில், லாரிகள் விரையும் சாலையின் ஓரத்தில் இறக்கிவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டு ஓடிப்போக முயன்றிருக்கிறார்கள் என்று 2012இல் அமெரிக்காவில் குடும்பங்களிடம் நடத்திய ஆய்வு காட்டியது. ஓடும்போது வண்டியில் அடிபடும் நிலைவரை போய்வந்தவர்களும் அவர்களில் நிறையப் பேர். ஆகவே, பேருந்தைவிட்டு இறங்குவதா, உள்ளேயே காத்திருப்பதா என்பதைத் துணையாளர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

பிடித்து அடக்குவதைப் பற்றியும் நேராகவே சொல்லிவிடுகிறேன். கைகளைக் கட்டுவதும், பலர் சேர்ந்து அமுக்குவதும், குறிப்பாகக் குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்துவதும் மூச்சை நிறுத்திவிடக்கூடும். காவல் நிலையங்களிலும் காப்பகங்களிலும் உலகெங்கும் உயிர்கள் அப்படிப் போயிருக்கின்றன. படிக்கட்டிலிருந்து சாலைக்குப் பாய்பவரைக் கையைப் பற்றி இழுப்பது வேறு. ஆபத்து விலகிய நொடியிலேயே பிடியும் விலக வேண்டும். தலையை மோதிக்கொள்பவருக்கு, தலைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு பையையோ மடித்த துண்டையோ வைப்பது, தலையைப் பிடித்து நிறுத்துவதைவிட நல்லது.

எவ்வளவு நேரம் இது நீடிக்கும் என்று நடத்துநர்கள் கேட்பார்கள். சில நிமிடங்களில் அடங்குவதும் உண்டு, அரை மணிக்கு மேல் போவதும் உண்டு. நாம் எதையும் கூட்டாமல் இருந்தால் சீக்கிரம் அடங்கும். அடங்கிய பிறகு அவர் சோர்ந்து தூங்கிவிடலாம், அழலாம், வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொள்ளலாம். அறிவுரைக்கோ விசாரணைக்கோ அது நேரமில்லை. தண்ணீர் வேண்டுமா என்று உடன் வந்தவரிடம் கேட்டால் போதும். கத்தாமல், அசையாமல், அழைத்தாலும் திரும்பாமல் உறைந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் எழாமல் இருப்பவரைத் திமிர் என்று எண்ணி உலுக்கும் முன், இதையும் நினைவில் வைக்கக் கேட்கிறேன்.

இவ்வளவையும் ஒரு நடத்துநரிடம் எதிர்பார்ப்பது நியாயமா என்ற கேள்வியைக் கழகங்களின் மேலாண்மையிடமே வைக்கிறேன், ஏனென்றால் பதறாமல் இருப்பதற்குத் தேவையான முதல் பொருள் நேரம், அது நடத்துநரின் கையில் இல்லை. ஐந்து நிமிடம் தாமதமானால் நேரக்காப்பாளரிடம் விளக்கம் சொல்ல வேண்டும். அடுத்த நடை ரத்தாகும். வசூல் குறைந்தால் கேள்வி வரும். அதற்குள் பின்னால் இருப்பவர்கள் வண்டியை எடு என்று கத்துவார்கள். அதிகாலையில் பணிக்கு வந்து, நிற்க இடமில்லாத கூட்டத்தில் நசுங்கி, சில்லறைக்குச் சண்டை போட்டு ஓய்ந்த ஒருவருக்கு அமைதியாக இரு என்று சொல்வதில் பயனில்லை. பயணி ஒருவரின் கொந்தளிப்புக் காரணமாக ஏற்படும் தாமதத்துக்கு ஓட்டுநர், நடத்துநர்மீது எந்த நடவடிக்கையும் இல்லை என்று ஒரே ஒரு சுற்றறிக்கை எல்லாப் பணிமனைகளுக்கும் போனால், மேலே நான் எழுதியவற்றில் பெரும்பகுதி தானாக நடக்கும் என்று நம்புகிறேன். அந்தச் சுற்றறிக்கை பயணச்சீட்டுப் பரிசோதகர்களுக்கும் நேரக்காப்பாளர்களுக்கும் சேர்த்தே போக வேண்டும்.

பயிற்சி அதற்கு அடுத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தை 21 குறைபாடுகளில் ஒன்றாக ஏற்கிறது. அதன் 47ஆம் பிரிவு சட்டமன்ற உறுப்பினர் முதல் காவலர், நீதிபதி, அங்கன்வாடிப் பணியாளர், கட்டடக் கலைஞர் வரை யார் யாருக்கெல்லாம் மாற்றுத்திறன் பற்றிக் கற்பிக்க வேண்டும் என்று பெயர் சொல்கிறது. நடத்துநரின் பெயர் அங்கே இல்லை. ஒரு நீதிபதி ஓராண்டில் சந்திக்கும் மாற்றுத்திறனாளிகளை அவர் ஒரு வாரத்தில் சந்தித்துவிடுவார் என்றாலும் இல்லை. சட்டத்தில் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தரமணியில் சாலைப் போக்குவரத்து நிறுவனமும், கும்மிடிப்பூண்டியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியும் உங்களிடம் இருக்கின்றன. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. பயிற்சியை இவர்கள் சேர்ந்து வகுக்கலாம். திரையில் படம் காட்டி முடிக்கும் வகுப்பாக அது இருக்கக் கூடாது. நின்றுகொண்டிருக்கும் ஒரு பழைய பேருந்துக்குள், ஒருவர் கத்த, ஒருவர் படம் பிடிக்க, ஒருவர் வண்டியை எடு என்று சத்தமிட, நடத்துநர் விசிலை உள்ளே வைத்து மூச்சை விட்டுப் பழக வேண்டும். கைகள் பழகாததை நெருக்கடியில் மனம் நினைவுகூராது.

பேருந்து நிலையங்களைப் பற்றி ஒரு சிறு கோரிக்கை. 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் முனையம் போன்ற பெரிய இடங்களில், அறிவிப்பு ஒலிபெருக்கி எட்டாத, மங்கிய விளக்குள்ள ஒரு சிறிய அறையை ஒதுக்கி, அதன் சாவி எந்த அலுவலரிடம் இருக்கிறது என்பதைத் தெரியும்படி எழுதி வையுங்கள். பூட்டிக் கிடக்கும் அறையால் யாருக்கும் பயனில்லை.

சுற்றறிக்கையின் வரைவை எழுதும்போது, இத்தகைய நேரத்தை ஏற்கெனவே பக்குவமாகக் கையாண்ட நடத்துநர்களைப் பணிமனை வாரியாக அழைத்துக் கேளுங்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் அவர்களோடு பயணம் செய்திருக்கிறோம். ஆட்டிசம் உள்ள பெரியவர்களையும் கேளுங்கள். பேச்சு வராதவர்களில் தட்டச்சு செய்தோ எழுத்துப் பலகையில் சுட்டிக் காட்டியோ கருத்துச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். வரைவு பெற்றோர் அமைப்புகளின் பார்வைக்கும் வந்தால், படித்துத் திருத்தங்களோடு திருப்பி அனுப்ப அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
நகரப் பேருந்தில் மகனோடு பயணம் செய்யும் தந்தை